நான்காம் வேற்றுமை

‘சிறந்தது’, ‘உகந்தது’ என்ற இரண்டு சொற்களும் நம் பேச்சில் அருகருகே புழங்குகின்றன; ஆனால் வாக்கியத்தில் அவற்றின் நடத்தை வேறு. சிறந்தது தனியே நிற்கும். சிறந்த கவிதை, சிறந்த நாவல் என்று சொல்லிவிட்டு விமர்சகன் நகர்ந்துவிடலாம். யாருக்குச் சிறந்தது என்று கேட்டால் கேட்டவனுக்கு ரசனை போதாது என்றாகிவிடும். உகந்தது அப்படி நிற்காது. சாமிக்கு உகந்த பூ, நோயாளிக்கு உகந்த ஆகாரம், பயிருக்கு உகந்த மண்: முன்னால் ஒரு ‘கு’ இல்லாமல் அந்தச் சொல் அந்தரத்தில் தொங்குகிறது. பொறியியலில் ‘ஆப்டிமம்’ என்று வழங்குவதற்கு நம் பாடநூல்கள் ‘உகந்த’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டிருக்கின்றன. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, மூலச் சொல்லில் மறைந்து கிடக்கும் ஒரு கேள்வி தமிழில் வெளியே வந்துவிட்டது. யாருக்கு உகந்தது? இந்தக் கேள்வியை அதற்கு மிகவும் அந்நியமாகத் தோன்றும் இடத்தில், வெப்பம் உமிழும் வினைகளுக்கான ரியாக்டரை வடிவமைக்கும் கணக்கில், வைத்துப் பார்க்கலாம் என்று படுகிறது.

அந்தக் கணக்கின் அடிப்படை எளிமையானது. சில ரசாயனப் பொருள்கள் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. வெப்பம் ஏறினால் வினை விரைகிறது. வினை விரைந்தால் மேலும் வெப்பம். உத்தேசமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் இரட்டிக்கிறது என்பது பழைய கைக்கணக்கு. கலனைச் சுற்றி ஓடும் தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. ஆனால் அது வாங்கும் அளவு இரட்டித்துக்கொண்டு போவதில்லை, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்துக்குத் தக்கபடி சீராகத்தான் கூடுகிறது. ஒன்று மடங்குகளாக ஏறும் வளைகோடு, மற்றது நேர்கோடு. ருஷ்ய விஞ்ஞானி செமனோவ் 1928இல் இந்த இரண்டு கோடுகளையும் எதிரெதிரே வைத்து வெப்ப வெடிப்பை விளக்கினார். நேர்கோடு மேலே இருக்கும் வரை கலன் தானாகவே தணிந்து நிலைக்குத் திரும்பும். வளைகோடு நேர்கோட்டைத் தாண்டிவிட்ட பிறகு எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அது பின்னால்தான் ஓடும்.

இதோடு அளவின் பிரச்னையும் சேர்கிறது. வெப்பம் பிறப்பது கலனின் கன அளவு முழுவதிலும். வெளியேறுவது அதன் மேற்பரப்பு வழியாக. கலனின் நீள அகல உயரங்களை இரண்டு மடங்காக்கினால் பிறக்கும் வெப்பம் எட்டு மடங்கு, வெளியேறும் வழி நான்கு மடங்கு. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் சாதுவாக இருந்த அதே வினை தொழிற்சாலையில் வேறு ஜென்மம் எடுக்கிறது. பொருள் மாறவில்லை, விதி மாறவில்லை. பெரிதானதாலேயே சுபாவம் மாறிவிட்டது. அரசுகளையும் ஸ்தாபனங்களையும் பற்றி நாம் பேசும்போது உணர்ச்சியோடு சொல்வது இங்கே எளிய கணிதமாக நிற்கிறது.

ஆபத்து இப்படி அருகில் இருக்க, அதற்குள் மிகச் சிறந்த பாதையைத் தேடுவதுதான் வடிவமைப்பு. கந்தக அமிலத் தொழிலில் கந்தக டைஆக்ஸைடை ட்ரைஆக்ஸைடாக மாற்றும் வினையை எடுத்துக்கொள்வோம். வெப்பம் உமிழும் வினை. முன்னும் போகும், பின்னும் திரும்பும். சூடு குறைவாக இருந்தால் வினை நகராது. சூடு அதிகமானால் வேகமாக நகரும், ஆனால் முழுமை அடையாமல் பாதியில் நின்றுவிடும். எனவே இதற்கென்று ஒரே ஒரு உகந்த வெப்பநிலை கிடையாது. இருப்பது ஒரு உகந்த பாதை. சூடாகத் தொடங்கி, வினை முற்ற முற்றத் தணிந்துகொண்டே போகவேண்டும். நடைமுறையில் வாயு சுமார் 420 டிகிரி செல்சியஸில் முதல் வினையூக்கி அடுக்கில் நுழைகிறது. வெளியே வரும்போது 600ஐ ஒட்டி இருக்கிறது. குளிர்விக்கப்பட்டு அடுத்த அடுக்கில் நுழைகிறது. இப்படி நான்கு அடுக்குகள் வழக்கம். எந்த அடுக்கில் எவ்வளவு வினையூக்கி, இடையில் எவ்வளவு குளிர்ச்சி என்பதே கேள்வி.

1961இல் ரூதர்ஃபோர்ட் ஏரிஸ் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பொறியியல் பேராசிரியர். லத்தீன் கையெழுத்துப் பிரதிகளின் எழுத்து வடிவங்களிலும் புலமை உள்ளவர், அங்கே செவ்வியல் துறையிலும் இடம் பெற்றவர். பொறியியல் என்றாலே மனம் மரத்தவர்களின் வேலை என்று நம் வட்டத்தில் இருக்கும் எண்ணத்துக்கு இவர் ஒருவரே பதில். ஏரிஸ் கையாண்ட முறை ரிச்சர்ட் பெல்மேனுடையது. அதன் சாரம்: கணக்கைக் கடைசி அடுக்கிலிருந்து தொடங்கு. கடைசி அடுக்குக்குள் எந்த நிலையில் வாயு வந்தாலும் அங்கே செய்யக்கூடிய மிகச் சிறந்தது எது என்று முதலில் தீர்மானித்துக்கொள். பிறகு அதற்கு முந்திய அடுக்கு; பிறகு அதற்கும் முந்தியது. முதல் தீர்மானம் எதுவாக இருந்தாலும், அதற்குப் பின் மிஞ்சுகிற பாதை மிஞ்சியதற்குள் சிறந்ததாக இருக்கவேண்டும். முடிவை நினைத்துத் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் இந்த முறையில் ஒரு தார்மீகச் சாயல் இருப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆனால் இந்த முறையால் சொல்ல முடியாத விஷயங்கள் இரண்டு. எதைப் பெரிதாக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. லாபமா, உற்பத்தியா, வேறு ஏதாவதா என்பது வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது. கடைசி அடுக்கு எது என்பதையும் அது சொல்லாது. நான்காவது படுகையின் வாயில்தான் முடிவு என்றால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடும். தொழிற்சாலையின் கேட் என்றால் அங்கிருந்து. கேட்டுக்கு எதிரே உள்ள குடிசைப் பகுதி என்றால் அங்கிருந்து. கணிதம் எல்லாவற்றுக்கும் ஒரே சிரத்தையோடு விடை தரும். எங்கே முடிகிறது, யாருக்காகப் பெரிதாகிறது என்ற இரண்டையும் ஒருவர் முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் தாளை எடுக்கிறார். அறம் சம்பந்தப்பட்ட காரியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பின்னால் வருவது திறமை.

ஆபத்தைக் கணக்கில் எழுத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதை ஒரு செலவாக எழுதுவது: இத்தனை ஆண்டுகளுக்கு ஒரு தடவை நேரலாம், நேர்ந்தால் இவ்வளவு நஷ்டம், பெருக்கி லாபத்திலிருந்து கழித்துக்கொள். மற்றது, ஒரு சுவராக எழுதுவது: இந்த வெப்பநிலையைத் தாண்டக்கூடாது, எவ்வளவு லாபம் வந்தாலும் கூடாது. முதல் வழியில் உயிர் பேரத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது கௌரவமானதாகத் தோன்றும். ஆனால் சுவர் எழுப்பிய கணக்குகளில் உகந்த புள்ளி பெரும்பாலும் போய் நிற்பது சுவரை ஒட்டித்தான். இன்னும் கொஞ்சம் சூடு என்றால் இன்னும் கொஞ்சம் உற்பத்தி என்னும்போது, தடுக்கிற இடம் வரை போய் நிற்பதே கணிதத்துக்கு இயல்பு. சுவருக்கும் பள்ளத்துக்கும் இடையே எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம் என்பதைச் சுவர் கட்டியவன்தான் தீர்மானித்திருக்க வேண்டும்.

அந்த இடைவெளி எவ்வளவு குறுகலானது என்பதை பிலூவும் ஆமண்ட்ஸனும் 1956இல் காட்டினார்கள். வெளியிலிருந்து குளிர்விக்கப்படும் குழாய் ரியாக்டரில் சுவரின் வெப்பநிலையைச் சில டிகிரி மாற்றினால் பெரும்பாலும் உள்ளேயும் சிறிய மாறுதலே ஏற்படும். ஆனால் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு அருகில் அதே சில டிகிரி உள்ளே பெரும் பாய்ச்சலாகிவிடுகிறது. அடுத்து ஏரிஸும் ஆமண்ட்ஸனும் 1958இல் தொட்டியைப் போன்ற ரியாக்டரை ஆராய்ந்தார்கள். அதற்கு மூன்று நிலைகள் இருக்கக்கூடும்: அணைந்து கிடக்கும் நிலை, கொதித்து நிற்கும் நிலை, இரண்டுக்கும் நடுவே தானாக நிற்க முடியாத ஒரு நிலை. தொழிலுக்குச் சில சமயம் வேண்டியிருப்பது அந்த நடு நிலை. அணைந்த நிலையில் பொருள் வராது, கொதிநிலையில் கெட்டுப்போகும். நடு நிலையைக் கட்டுப்பாட்டுக் கருவிகளால் நிமிஷத்துக்கு நிமிஷம் பிடித்து நிறுத்த வேண்டும். அதாவது, உகந்த நிலை என்பது சில வேளைகளில் விழித்திருக்கும் ஒருவரை நம்பி மட்டுமே இருக்கும் நிலை. காகிதத்தில் இருப்பது ஒரு புள்ளி. அதற்கு அடியில் இருப்பது ராத்திரி ஷிப்ட்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதை இந்தக் கோணத்தில் பார்க்கவேண்டும். யூனியன் கார்பைடு தொழிற்சாலையின் 610ஆம் எண் டாங்க் ரியாக்டரே அல்ல. சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட்டைச் சேமித்து வைத்திருந்த கலன். அந்தத் திரவம் 39 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே 0 டிகிரியை ஒட்டிக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கென்று குளிரூட்டும் யந்திரமும் இருந்தது. 1984 ஜூனில் அது நிறுத்தப்பட்டது. அதிலிருந்த குளிர்திரவமும் வடிக்கப்பட்டது. 11 டிகிரியில் ஒலிக்கவேண்டிய எச்சரிக்கை, திரவம் எப்போதுமே அதற்கு மேல் இருந்ததால், அர்த்தமிழந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரம் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. தண்ணீர் எப்படி உள்ளே புகுந்தது என்பதில் கம்பெனிக்கும் மற்றவர்களுக்கும் வாதம் உண்டு. புகுந்தது என்பதில் இல்லை. தண்ணீர் பட்டதும் அந்தக் கலன் ஒரு ரியாக்டராயிற்று, யாரும் வடிவமைக்காத, குளிர்விப்பு இல்லாத ரியாக்டர். செமனோவின் வளைகோடு நேர்கோட்டைத் தாண்டியது.

குளிரூட்டியை நிறுத்தியவர்களை அரக்கர்கள் என்று நினைத்துக்கொள்வது சௌகரியம். நஷ்டத்தில் ஓடிய தொழிற்சாலை, உற்பத்தி குறைந்திருந்தது, எதையும் உற்பத்தி செய்யாமல் மின்சாரம் தின்னும் ஒரு யந்திரம். செலவுப் பட்டியலில் அதன் வரி மட்டும் தெரியும். அது தடுத்துக்கொண்டிருப்பதற்குப் பட்டியலில் வரி கிடையாது. ஒவ்வொரு சிக்கனமும் அதன் எல்லைக்குள் உகந்ததே. அந்த எல்லை கேட்டோடு முடிந்திருந்தது. சாலைக்கு எதிரே ஜெயப்பிரகாஷ் நகர் தொடங்கியது. அரசு முதலில் ஒப்புக்கொண்ட சாவு எண்ணிக்கை 2,259. பின்னால் வந்த கணக்குகள் அதைப் பல மடங்காக்கின. 1989இல் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசம் செய்யப்பட்டது. உயிரைச் செலவாக எழுதும் முதல் வழி, சம்பவத்துக்குப் பிறகாவது, அதன் எண்ணைச் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் நம் இடதுசாரி நண்பர்கள் முடிவுக்கு வந்துவிடுவார்கள்: லாபம் ஒருவனுக்கு, சாவு இன்னொருவனுக்கு, பிரச்னை அதுதான். அது பெரும்பாலும் உண்மை. முழு உண்மையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சந்தேகத்துக்குக் காரணம் 2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் ஜாக்ஸன்வில்லில் நடந்த விபத்து. டி2 லாபரட்டரீஸ் என்ற சிறிய கம்பெனி பெட்ரோலில் சேர்க்கும் ஒரு பொருளை ஏறக்குறைய 9,300 லிட்டர் கொள்ளும் ஒரே ரியாக்டரில் தயாரித்து வந்தது. சோடியம் கலந்த, வெப்பம் உமிழும் வினை. குளிர்விக்க நகரக் குழாய்த் தண்ணீர். அது நின்றால் மாற்று ஏற்பாடு இல்லை. 42ஆவது தடவையிலிருந்து ஒரு தடவைக்குப் போடும் சரக்கை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். 175ஆவது தடவையில் குளிர்ச்சி பொய்த்தது. 4 பேர் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் கம்பெனியின் சொந்தக்காரர்களில் ஒருவர், ரசாயனப் பொறியாளர்.

இங்கே லாபமும் சாவும் ஒரே ஆளுக்கு. தன் உயிரை மலிவாக எழுதிக்கொள்ள யாருக்கும் மனம் வராது. அரசின் விசாரணை வாரியம் கண்டது வேறு. வெப்பநிலை ஒரு அளவைத் தாண்டினால் கரைப்பானுக்கும் சோடியத்துக்கும் இடையே இரண்டாவது வினை ஒன்று மூளும். அது முதல் வினையைவிட மூர்க்கமானது. அது அவர்களுடைய கணக்கில் இல்லை. அவர்கள் அறிந்த வினைக்கு அவர்களுடைய குளிர்விப்பு, தண்ணீர் வரும்வரை, போதுமாக இருந்தது. 174 தடவை வெடிக்காமல் ஓடியும் இருந்தது. வெற்றி அறியாமையை மூடிவைத்த திரை. வாரியம் கடைசியில் சிபாரிசு செய்தவற்றில் ஒன்று, பொறியியல் பட்டப்படிப்பில் வினைகளின் ஆபத்தையும் பாடமாக்க வேண்டும் என்பது.

போபாலையும் ஜாக்ஸன்வில்லையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. முதலாவதில் கணக்குக்கு வெளியே விடப்பட்டவர்கள் மனிதர்கள். இரண்டாவதில் வெளியே இருந்தது ஒரு வினை. இரண்டும் வெளியே இருந்தன. இரண்டுக்கும் இடம் இருந்திருக்கக்கூடியது ஒரே இடத்தில்தான்: தேவைக்கு மேல் என்று தோன்றுகிற அந்த உபரியில். இரண்டாவது பம்ப், ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டர், தேவையைவிட அகலமான நிவாரணக் குழாய், அணைக்கப்படாத குளிரூட்டி. உகந்ததைத் தேடும் கணக்குக்கு இவை விரயமாகத் தெரியும்; தெரிந்தவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் விரயம்தான். தெரியாததற்கும் கேட்கப்படாதவர்களுக்கும் வடிவமைப்பு கொடுக்கும் ஒரே மரியாதை அந்த விரயம். அதை எவ்வளவு விடவேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்ல முடியாது. கணக்கிட முடிந்தால் அது தெரிந்ததாகிவிடும். ஆகவே அது தீர்மானமாகத்தான் இருக்க முடியும்; தீர்மானம் என்றால் அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் இருக்கவேண்டும்.

ஒரு ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். உபரிக்கும் விலை உண்டு. அதையும் யாரோ கொடுக்கிறார்கள். பூச்சிமருந்தின் விலை ஏறினால் பஞ்சு விவசாயி கொடுக்கிறான். போபாலில் செய்தது விவசாயிக்கான மருந்து. எதிரே வசித்தவர்களுக்கு அதே ஆலை விஷம். நன்னூல் ‘கு’ உருபுக்குச் சொல்லும் பொருள்களில் கொடையும் உண்டு, பகையும் உண்டு என்பது நினைவுக்கு வருகிறது. எல்லோரையும் கணக்கில் சேர்த்து, எல்லோருடைய நன்மை தீமைகளையும் ஒரே அலகில் கூட்டிக் கழித்துவிட்டால் என்ன என்று நியாயமாகவே கேட்கலாம். பதில்: எல்லோரையும் சேர்க்கவேண்டும் என்பது சரி; ஆனால் சேர்ப்பவனும் அலகைத் தீர்மானிப்பவனும் அப்போதும் அதே ஒருவன். ஜெயப்பிரகாஷ் நகர்க்காரனின் அச்சத்தை அவனைக் கேட்காமல் எண்ணாக்குவதும் அவனை விட்டுவிடுவதும் அளவில் வித்தியாசமான ஒரே காரியம். ஒருவருக்கு உகந்தது எது என்று சொல்லும் உரிமை முதலில் அந்தக் ‘கு’வைத் தாங்கி நிற்பவருக்கு.

கேட்கத் தொடங்கினால் சில சமயம் கேள்வியே மாறிவிடும். 1974 ஜூன் 1ஆம் தேதி இங்கிலாந்தில் ஃப்ளிக்ஸ்பரோ ஆலை வெடித்து 28 பேர் இறந்த பிறகு, பொறியாளர் ட்ரெவர் க்ளெட்ஸ் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஆபத்தான சரக்கைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று யோசிக்கும் முன், அத்தனை சரக்கு ஏன் அங்கே இருக்கவேண்டும் என்று யோசியுங்கள். மீதைல் ஐசோசயனேட் இடையில் வராமலே கார்பரில் பூச்சிமருந்தைத் தயாரிக்கும் வழி ஒன்று இருந்தது. இடையில் வந்தாலும் டன் கணக்கில் சேமிக்க வேண்டிய அவசியம் வேதியியலில் இல்லை. வியாபார சௌகரியத்தில் இருந்தது. 40 டன்னை எந்த டிகிரியில் வைப்பது உகந்தது என்ற கேள்விக்கு மிக நேர்த்தியான விடை கண்டுபிடிக்கலாம். எதிரே குடியிருப்பவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டான்.

இதை எழுத்தாளர்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. கச்சிதம் என்பது நம்மிடையே பெரிய பாராட்டு. ஒரு சொல் அதிகம் இல்லை, ஒரு வரியை எடுக்க முடியாது என்று சொல்லும்போது நாமும் சுவரை ஒட்டி நிற்பதையே புகழ்கிறோம். கவிதையில் அது நியாயம். எல்லை வரை போன கவிதை உடைந்தால் உடைவது கவிதை. அதிகம் போனால் கவிஞன். அந்த ரசனையை வைத்துக்கொண்டு உலகத்தின் மற்றக் காரியங்களையும் பார்க்கப் பழகிவிட்டோமோ என்பதுதான் என் கவலை. அதிகப்படி ஆள் இல்லாத அலுவலகம், படுக்கை காலியாக இல்லாத ஆஸ்பத்திரி, விரயம் இல்லாத ஆலை என்று கேட்டதும் நமக்குள்ளும் ஒரு திருப்தி எழுகிறது. அந்தத் திருப்தி அழகியலைச் சேர்ந்தது. வேறொருவர் மேல் உடையக்கூடிய ஒன்றை அந்த அளவுகோலால் அளக்க நமக்கு உரிமை இல்லை. அங்கே கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டோம்: உகந்தது என்கிறீர்கள், யாருக்கு? அந்த இடத்தில் ஒரு பெயர் சொல்லப்பட வேண்டும். பெயருக்குரியவர் அதைக் காதால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.